ரொட்டியோடு ஒரு மிடறு

எர்காஷ் அண்ணன் ஒயின் கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போது கண்ணை மூடமாட்டார். ஒயின் செய்யப் படித்த கல்லூரியில் நாங்கள் எல்லோரும் மூடுவோம். மூடினால்தான் மணம் பிடிபடும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்து மோந்து பார்ப்பார். பிறகு கோப்பையைக் கீழே வைப்பார். "இதுக்கு முள்ளங்கியும் கெட்டித் தயிரும்" என்பார். இல்லையென்றால், "இதுக்கு நேத்து சுட்ட ஆட்டுக்கறி. இன்னைக்குச் சுட்டது வேண்டாம், அது ரொம்பப் பேசும்" என்பார். ஒரு துளிகூட வாயில் படாது. சொன்னது தப்பவும் தப்பாது.

சமர்கந்திலிருந்து ஊர்குத் போகும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிற சிறிய ஒயின் ஆலை எங்களுடையது. அங்கே அவருடைய பதவி கிடங்குக் காவலர். உண்மையில் அவர் செய்த வேலை வேறு. சுற்றுலாக் குழுக்கள் வந்து சுவைக்கூடத்தில் உட்காரும்போது, ஒவ்வொரு கோப்பைக்கும் பக்கத்தில் வைக்கவேண்டிய தட்டை முடிவு செய்வது அவர்தான். உப்புநீரில் ஊறவைத்துச் சாம்பலில் வறுத்த ஆப்ரிகாட் பருப்பு, தயிரை உருட்டி வெயிலில் காயவைத்த குருத், பூண்டு ஊறுகாய், குதிரைக்கறி. இவற்றில் எது எதோடு போகும் என்பதை அவரைக் கேட்காமல் யாரும் தொடமாட்டார்கள்.

நான் போன வசந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அம்மா பருத்தி எடுக்கப் போகிறவர். அப்பா ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். அண்டை வீட்டார் கேட்டால் "உணவுத் தொழிற்சாலையில டெக்னாலஜிஸ்ட்" என்று மட்டும் அம்மா சொல்வார். எர்காஷ் அண்ணன் முதல் நாளே எனக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்.

"காலேஜ்காரம்மா, மவ்ஜூதா! நாலு வருஷம் படிச்சியாமே, எதைத் துப்பணும், எப்பத் துப்பணும்னு?"

"ஒயினைச் சுவை பாத்துட்டுத் துப்பறது கடைசிப் பாடம், அண்ணே. அதுக்கு முன்னாடி வேதியியல் இருக்கு."

"நான் கடைசிப் பாடத்துலதான் பெயில் ஆனேன்" என்றார். கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது ஏன் என்று தெரியவில்லை.

பிறகு அவரே சொன்னார். அவர் எதையும் மறைக்கிறவர் இல்லை.

அவர் பிறந்தது இதே மலையடிவாரத்துக் கூட்டுப்பண்ணையில். பதினாறு வயதில், அப்போது எங்களை ஆண்ட மாஸ்கோவிலிருந்து மதுவிலக்கு ஆணை வந்தபோது, திராட்சைக் கொடிகளைப் பிடுங்கும் வேலைக்குப் போனார். டிராக்டரில் சங்கிலி கட்டி வேரோடு இழுப்பார்கள். அடிக்கட்டைகளை விறகாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கொட்டகையில் மிச்சமிருந்த ஒயினை வாய்க்காலில் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. "குடிக்கக் கூடாதுன்னு ஒரு ஆணை வந்துச்சு பாரு, அன்னைக்குத்தான் நான் முதமுதல்ல குடிச்சேன்" என்பார்.

அதன்பின் ஏறத்தாழ முப்பது வருடம். லாரி ஓட்டினார்; சந்தையில் மூட்டை தூக்கினார். தேநீர்க் கடையில் ஆண்கள் கூடுகிற நாட்களில், தேநீர்க் கெண்டியில் வோட்காவை ஊற்றிக்கொண்டு கிண்ணங்களில் பகிர்வார்கள். சாப்பாடு சொல்கிற பொறுப்பு எப்போதும் அவருடையது. கறியும் காரட்டும் போட்ட பலாவ் சோற்றுக்கு முன்னால் எது, பின்னால் எது, எந்தச் சுற்றுக்குப் பச்சை வெங்காயம், எப்போது கொழுப்பு என்று அவர் சொன்னால் மேசையே கேட்கும். "மத்தவங்க எல்லாரும் குடியை நினைச்சாங்க. நான் தட்டை நினைச்சேன். அதனாலதான் நான் குடிகாரன்னு எனக்கே ரொம்ப நாள் தெரியல" என்றார் ஒருநாள், குருத் உருண்டைகளின் தூசியை ஊதிக்கொண்டே.

தெரியவந்தது மகளின் திருமணத்தன்று. ஹிலோலா அவருடைய ஒரே மகள். விடியற்காலைப் பலாவ் விருந்துக்கு இருநூறு ஆண்கள் வந்திருந்தார்கள். நெஞ்சில் கைவைத்து வாசலில் நின்று வரவேற்கவேண்டிய பெண்ணின் தகப்பன், வாய்க்கால் கரையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி தோஷ்மத் அந்த இடத்தில் நின்றார். தகப்பனின் ஆசி இல்லாமலே ஹிலோலா வண்டியேறிப் போனாள். அன்றிலிருந்து ஒன்பது வருடம் அவர் தொடவில்லை. அந்த ஒன்பது வருடமும் ஹிலோலா பண்டிகைக்குப் பண்டிகை அம்மாவைப் பார்க்க வந்துபோனாள். ஒருமுறைகூட அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைக்கவில்லை.

இந்தக் கோடையில் அழைத்தாள். மகனுக்கு அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை சுன்னத் விருந்து. மாமனார் உயிரோடு இல்லை. "அப்பா வந்து வாசல்ல நிக்கட்டும்" என்று சொல்லியனுப்பினாள். எர்காஷ் அண்ணன் அதை ஆலையில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். புதிதாகத் தைத்த கோட்டைக் கொண்டுவந்து கிடங்கில் ஆணியில் மாட்டி வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒயின் ஆலையில் ஏன் இருக்கிறார் என்று நானும் கேட்டிருக்கிறேன். "எங்க போனாலும் பாட்டில் இருக்கும், தங்கச்சி. இங்க பூட்டி வெச்சிருக்காங்க, சாவி எங்கிட்ட இருக்கு. சாவி கையில இருக்கற வரைக்கும் எனக்கு பயம், பயம் இருக்கற வரைக்கும் நல்லது" என்றார். அந்த பயத்தை அவரிடமிருந்து எடுத்தது நான்.

அவர் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். எந்த ஒயினுக்கு எந்தத் தட்டு, ஏன், என்று ஓர் அட்டையாக அச்சடித்தோம். அமிலம், உப்பு, கொழுப்பு, இனிப்பு என்று என் படிப்பின் சொற்களில் அவருடைய பேச்சை எழுதினேன். 'குருத் ரொம்பக் கத்துது' என்று அவர் சொன்னதை 'அமிலம் மிகுதி' என்று மாற்றினேன். அடியில் 'தொகுப்பு' என்று என் பெயர் மட்டும் இருந்தது. முதலாளி ஹமித்ஜான் அதைப் படித்துவிட்டு, "இதுக்குத்தான் படிச்சவங்க வேணும்கறது" என்றார். நான் மறுக்கவில்லை.

இந்த வருட அறுவடையில் நானே ஒரு பீப்பாய் ஒயின் செய்தேன். ரோஜா நிற மஸ்கட் திராட்சையைப் பாயில் பரப்பிச் சுருங்கவிட்டுப் பிழிந்த இனிப்பு ஒயின். நொதிப்பதை நிறுத்த மதுசாரம் சேர்க்கவேண்டிய நேரத்தில் பிசகிவிட்டேன். முதலில் தேனும் ரோஜாவுமாக வரும். விழுங்கும் இடத்தில் ஒரு கசப்பு நிற்கும். தாஷ்கெண்டில் மூன்று உணவகம் வைத்திருக்கிற ஓர் அம்மாள் சுவை பார்க்க வருவதாக இருந்தது. பத்து நாள் இருந்தது.

"இதுக்கு ஒரு தட்டு கண்டுபிடிங்க" என்றார் ஹமித்ஜான். "இல்லன்னா பீப்பாயை வடிசாலைக்கு அனுப்பிடலாம். உன் தகுதிகாண் காலமும் இந்த மாசத்தோட முடியுதில்ல, மவ்ஜூதா?"

எர்காஷ் அண்ணன் மோந்தார். ஆப்ரிகாட் பருப்பு என்றார். அது கசப்பை இரண்டாக்கியது. குருத் வைத்தோம், கசப்புக்கு முள் முளைத்தது. ஹமித்ஜான் அல்வா வைக்கச் சொன்னார். இனிப்பின்மேல் இனிப்பு விழுந்து ஒயின் வெந்நீர் போலானது. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. நான் ஒவ்வொரு முறையும் சுவைத்துவிட்டுத் தலையை ஆட்டினேன். அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"மூக்குக்குத் தொடக்கம்தான் தெரியும்" என்றார். "உன் ஒயின் முடிவுலதானே தப்பு பண்ணுது. முடிவு தொண்டைக்குத்தான் தெரியும்."

நான் உடனே சொன்னேன்: "அப்ப வாயில வெச்சுப் பாருங்க, அண்ணே."

சிரித்தார். "ஒன்பது வருஷம் ஆச்சு."

"குடிக்கச் சொல்லல. ஒரு மடக்கு வாயில சுத்தி வாளியில துப்பிடுங்க. நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை துப்பறேன். நான் என்ன குடிகாரியா?"

"நீ படிச்சிட்டுத் துப்பற. நான் சும்மா துப்பணும்."

"ஒரே ஒரு வாட்டி. உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை. எனக்கு வேலையே இதுலதான் இருக்கு."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அது எனக்குத் தெரியும்.

கோப்பையை வாங்கி ஒரு மடக்கு வாயில் வைத்தார். கன்னத்துக்குள் சுற்றினார். வாளியில் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டார். இருவருக்குமே மூச்சு வந்தது.

"கசப்பு நாக்குல இல்ல. தொண்டை வாசல்ல உக்காந்திருக்கு" என்றார். "உப்பு வேணும். வெறும் உப்பு பத்தாது, அதை ஏத்திக்கிட்டுப் போக கொழுப்பு வேணும்." சமையலறைக்குப் போய், செம்மறி வால்கொழுப்பை உருக்கிய பின் சட்டியில் தங்கும் ஜிஸ்ஸாவை, அந்த மொறுமொறுச் சக்கையை, உப்புத் தூவி ரொட்டித் துண்டின்மேல் வைத்துக் கொண்டுவந்தார்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் எதுவும் ஆகியிருக்காது. நான் தின்று பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவசரம். "நீங்களே சேர்த்துப் பாருங்க. ரொட்டியை மென்னு, அதுமேல ஒயினை விடுங்க, அப்பத்தான் தெரியும்" என்றேன். வாளியை எடுத்து அவர்முன் பிடித்தேன்.

ரொட்டியைக் கடித்தார். மென்றார். ஒயினை விட்டார். மறுபடி மென்றார். வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

"ரொட்டி" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

தரையில் ஒரு துணுக்கு கிடந்தால் எடுத்து உதட்டில் ஒற்றி, பறவை தின்னட்டும் என்று சுவர்மேல் வைக்கிற மனிதர் அவர். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். வாய்க்குள் போன ரொட்டியை வாளியில் துப்ப எங்களில் ஒருவருக்கும் வராது. எனக்கும் வராது. கல்லூரியில் சுவைக்கு நடுவே கொடுக்கிற காய்ந்த பிஸ்கட்டைக்கூட நான் விழுங்கித்தான் இருக்கிறேன், நான்கு வருடமும். ஒயினைத் தனியாகத் துப்பலாம். ரொட்டியோடு சேர்ந்த ஒயினைத் துப்ப முடியாது. இது எனக்குத் தெரியாதா? வாளியைப் பிடித்தபோது என்ன நினைத்தேன்? என்னையே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். சில நாள் 'நினைக்கவில்லை' என்று பதில் வருகிறது. சில நாள் 'நினைக்காமல் பார்த்துக்கொண்டாய்' என்று வருகிறது.

"கொழுப்பு சரி" என்றார் அவர். "ஆனா இன்னும் ஒண்ணு குறையுது. புளிப்பு வேணும், தயிர்ப் புளிப்பு இல்ல. பழப் புளிப்பு." அவர் சொன்னது சரி. நானும் தின்று பார்த்தேன். ஏதோ குறைந்தது. அதனால் மறுநாளும் தேடினோம்.

நான்கு நாள். மாதுளை முத்து, ஊறவைத்த செர்ரி, பச்சை ஆப்பிள். ஒவ்வொன்றுக்கும் ரொட்டி, ரொட்டியோடு ஒரு மிடறு. வாளியை நான் எடுப்பதை நிறுத்திவிட்டேன். நான்காம் நாள் தோட்டத்திலிருந்து ஒரு பெஹிப் பழம் கொண்டுவந்தார். மஞ்சளாக, பஞ்சு படிந்த தோலோடு, கடித்தால் பல்லைக் கூசவைத்து நாக்கைச் சுருட்டுகிற பழம். தாள்போல் சீவி ஜிஸ்ஸாவின்மேல் வைத்தார். நான் தின்று ஒயினைக் குடித்தேன். அன்று நானும் துப்பவில்லை.

கசப்பு போகவில்லை. ஆனால் தனியாக நிற்கவில்லை. கொழுப்பு அதைத் தூக்கிக்கொண்டது, பெஹி அதற்கு ஒரு காரணம் கொடுத்தது, பின்னால் ரோஜா மணம் மெல்ல எழுந்தது. என் தவறு ஒரு சுவையாகிவிட்டிருந்தது.

"பாத்தியா, காலேஜ்காரம்மா!" என்று மேசையைத் தட்டினார். முகம் சிவந்திருந்தது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. மாதிரிப் புட்டியில், நாங்கள் இருவரும் அருந்தியதற்கும் மேலாகக் குறைந்திருந்ததையும் பார்த்தேன். எதுவும் கேட்காமல் புதிய புட்டி ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

தாஷ்கெண்ட் அம்மாள் வியாழக்கிழமை மதியம் வந்தார். மூன்று துண்டு தின்றார். நான்காவதைக் கேட்டு வாங்கினார். "இதை யார் கண்டுபிடிச்சது?" என்றார். ஹமித்ஜான் என்னைக் காட்டினார். சமையலறைத் திரைக்குப் பின்னால் எர்காஷ் அண்ணன் இன்னொரு தட்டு அடுக்குகிற சத்தம் கேட்டது. "நாங்க எல்லாரும் சேர்ந்துதான்" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று அந்த அம்மாள் என் கன்னத்தைத் தட்டினார். பீப்பாய் முழுவதும் அவருக்குப் போயிற்று. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் அம்மா ஆடு அறுத்தார்.

அடுத்த வாரம் எர்காஷ் அண்ணன் வாயில் கிராம்பு இருந்தது. பல் வலி என்றார். மறுநாளும் பல் வலி. பாதாள அறையில் பீப்பாய் உருட்டுகிற முகிம் கேட்டான்: "எந்தப் பல்லுண்ணே? வலது பக்கமா, இடது பக்கமா, இல்ல மஸ்கட் பீப்பாய்ப் பக்கமா?" எல்லோரும் சிரித்தார்கள். எர்காஷ் அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயிலேயே இருப்பதுபோல் இருக்கிறது.

விருந்துக்கு முந்தைய நாள் மதியம் பலாவ் சோற்றுக்குக் காரட் நறுக்க ஹிலோலா வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடினோம். விரித்த துணியின் நடுவே மஞ்சள் காரட் மலைபோலக் கிடந்தது. எர்காஷ் அண்ணனின் மனைவி சலாமத் அக்கா என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நீதான் அந்தப் பொண்ணா? துப்பறதுக்குச் சம்பளம் வாங்கற பொண்ணுன்னு அவர் சொல்லியிருக்கார்."

"எங்க வீட்டுக்காரரும்தான் நாள் பூரா துப்பறார், ஒருத்தரும் சம்பளம் குடுக்கல" என்றாள் எதிரே இருந்த ஒருத்தி. முற்றமே சிரித்தது.

ஹிலோலா எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அப்பாவின் நெற்றி அவளுக்கும். "அப்பா உங்களைப் பத்தி நிறைய சொல்லுவார். நீங்க எல்லாம் கூட இருக்கறதாலதான் அவர் நல்லா இருக்கார்" என்றாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கை சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

அவள் நகர்ந்ததும் சலாமத் அக்கா குரலைத் தாழ்த்தினார். கத்தி நிற்கவில்லை.

"ஒன்பது வருஷமா அவர் சூப்பும் ரொட்டியும் தவிர வாய்விட்டு எதையும் கேட்டதில்ல. இப்ப ரெண்டு வாரமா ஜிஸ்ஸா கேக்கறார். பெஹி சீவிக் குடுன்னு கேக்கறார். இருபது வருஷத்துக்கு மேல குடிகாரனுக்குச் சமைச்சவ நான். வோட்கான்னா பச்சை வெங்காயம் கேப்பார், பீருன்னா காஞ்ச மீன் கேப்பார். தட்டைப் பாத்தே பாட்டிலைச் சொல்லிடுவேன். இது என்ன பாட்டில்னுதான் தெரியல. ஏதோ இனிப்பு. ஆனா வாலுல கசப்பு இருக்கணும். இல்லன்னா பெஹி எதுக்கு?"

நான் செய்த ஒயினை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அவர் அதைப் பார்த்ததுகூட இல்லை.

"அது என்னோடதுக்கா" என்றேன். "நான் செஞ்சது. நான்தான் அவருக்குக் குடுத்தேன். துப்பிடுங்கன்னு சொன்னேன்… ரொட்டியோட."

"ரொட்டியோடவா?" என்றார். பிறகு, "கத்தியைக் கீழ வை. கையை வெட்டிக்கப் போற" என்றார்.

வைத்தேன். "ஹிலோலாவுக்குத் தெரியுமாக்கா?"

"தெரிஞ்சா நாளைக்கு வாசல்ல அவரை நிக்க விடமாட்டா. தெரியாம நிக்கவெச்சு அவர் எங்கயாவது விழுந்துட்டார்னா, இந்த ஜென்மத்துல இனிமே எந்த வாசலுக்கும் கூப்பிடமாட்டா. நீ படிச்சவ. நீயே சொல்லு, எதைச் செய்யலாம்?"

நான் துணியிலிருந்து ஒரு காரட்டை எடுத்தேன்.

"எனக்கும் தெரியல. அதான் காரட் நறுக்கறேன்" என்றார்.

எழுந்து பின்கட்டுக்குப் போனேன். எர்காஷ் அண்ணன் பலாவ் கொப்பரைக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். கிராம்பு மணம் இல்லை. ஒரு கல்லை வைத்த இடத்திலேயே மூன்று முறை வைத்தார், விரல்கள் ஆடின. காலையிலிருந்து எதுவும் அருந்தவில்லை என்று புரிந்தது.

"அண்ணே, எல்லாம் என்னாலதான்" என்றேன். "நான் அன்னைக்கு உங்களை…"

"உன்னாலன்னா?" திரும்பாமலே கேட்டார்.

"ரொட்டியைத் துப்ப முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான்…"

"முத வாய் உன்னோடது, சரி. ரெண்டாவது ஒயினுக்காக. மூணாவது மாதுளைக்காகன்னு வெச்சுக்க. நீ வீட்டுக்குப் போனப்புறம் கிடங்குல நான் தனியா நின்னு குடிச்சேனே, அது எந்தப் பழத்துக்காக? அதுலயும் பங்கு வேணுமா உனக்கு? அதுக்கும் டிப்ளமா குடுக்கறாங்களா?"

பேச்சில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"நாளைக்கு நிப்பீங்களா?"

"நிப்பேன்னு நேத்து வரைக்கும் நினைச்சேன். இன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் கை முதல்ல தேடினது அந்தப் பாட்டிலை. கோட்டை இல்ல." கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "நானே போய்ச் சொல்லிடறேன்."

முற்றத்து ஓரத்தில் குழாயடியில் ஹிலோலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் அவளருகே போய் நின்றார். பேசியது எனக்குக் கேட்கவில்லை. பேச்சு நீளவில்லை. இரண்டு மூன்று வாக்கியம்தான் இருக்கும். ஹிலோலா குழாயை மூடினாள். அப்படியே குனிந்து நின்றாள். மறுபடி குழாயைத் திறந்து அரிசியைக் களைந்தாள். பிறகு ஈரக் கையோடு உள்ளே போய்ச் சித்தப்பா தோஷ்மத்துக்குத் தொலைபேசி செய்தாள்.

விடியற்காலைப் பலாவ் விருந்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அப்பா போனார். திரும்பிவந்து தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்:

"உங்க எர்காஷுக்கு என்ன ஆச்சு? வாசல்ல அவர் தம்பி நிக்கறார். இவர் செம்பும் தட்டும் தூக்கிக்கிட்டு, வரவங்க கைக்கெல்லாம் தண்ணி ஊத்தறார். பேரன் விருந்துல தாத்தா செய்யற வேலையா அது? சின்னப் பசங்க செய்யறது. எனக்கே கையை நீட்ட வெக்கமா இருந்துச்சு. ஏன்னு கேட்டா, இன்னைக்கு எனக்கு இதுதான்ங்கறார்."

"சிந்தினாராப்பா?"

"என்னது?"

"தண்ணி. கைல ஊத்தும்போது."

அப்பா யோசித்தார். "இல்லையே. இருநூறு பேருக்கு ஊத்தினார், ஒரு சொட்டுகூட வெளிய போகல. ஏன் கேக்கற? ஆலையில ஏதாவது தகராறா?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். அப்பாவிடம் நான் சொன்ன பொய்களில் இது சிறியதா பெரியதா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை எர்காஷ் அண்ணன் கிடங்குச் சாவியை ஹமித்ஜானின் மேசையில் வைத்துவிட்டு, உறைபனி வருவதற்குள் கொடிகளை மண்ணில் புதைக்கிற கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். நான் ஹமித்ஜானிடம் போய், அட்டையில் இருப்பதெல்லாம் அவர் சொன்னது, எனது இல்லை என்றேன். ஏதோ ஒரு தண்டனையை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"அதனால என்ன?" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணெடுக்காமல். "இப்ப உனக்குத் தெரியுமில்ல? போதும்."

பத்து நாள் கழித்துத் தோட்டத்துக்குப் போனேன். எர்காஷ் அண்ணன் கொடியை மடக்கிப் பள்ளத்தில் படுக்கவைத்து மண் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அட்டையைத் திரும்ப அச்சடிக்கறாங்க. உங்க பேரைப் போடச் சொல்லிட்டேன்."

மண்வெட்டி நின்றது. "எதுக்கு?"

"நீங்க கண்டுபிடிச்சது."

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னு ஹிலோலா கேப்பாளே. என்ன சொல்லட்டும்? எடுத்துடச் சொல்லு."

"அப்ப யார் பேரும் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"சொல்லு." மறுபடி மண் தள்ளினார். தள்ளிக்கொண்டே அவராகவே சொன்னார்: "ஒன்பது வருஷம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பெருசா இருந்துச்சு கேக்க. இப்ப யாராவது கேட்டா பன்னெண்டு நாள்னு சொல்லணும்."

"ஹிலோலா வந்தாளா?"

"வரல. போன வெள்ளிக்கிழமை பேரனை அனுப்பினா, பாட்டியைப் பாக்கன்னு சொல்லி. பாக்கலாம்."

பக்கத்தில் ஒரு மண்வெட்டி சும்மா கிடந்தது. குனிந்து எடுத்தேன்.

"அதை வெச்சுடு. கை கொப்புளிக்கும்."

"கொப்புளிக்கட்டுமே."

"உன் கை கொப்புளிச்சா எனக்கு என்ன ஆகப் போகுது?" என்றார். இந்த முறை நிமிர்ந்து என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "போ தங்கச்சி. உனக்கு வேலை இருக்கு."

இருந்தது. மூன்று மணிக்கு ஒரு குழு வருவதாகச் சொல்லியிருந்தார்கள், பதினெட்டுப் பேர். மண்வெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன். கூடத்துக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, தட்டுகளைப் பரப்பி, பெஹி சீவத் தொடங்கினேன்.